கடலில் கெடாத கறி கரையில் கெடுகிறது

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மலேசியாவின் பந்திங்கில் எந்த மளிகைக் கடையில் நின்றாலும் இதே பேச்சுதான் காதில் விழும். ஆட்டுக்கறி கிலோ எத்தனை வெள்ளி (ரிங்கிட்), ஐஸ் கறியா ஃப்ரெஷ் கறியா, போன வருஷம் வாங்கியது சட்டியில் போட்டதும் ஏன் அவ்வளவு தண்ணீர் விட்டது, ஏன் சக்கை மாதிரி இருந்தது. "ஐஸ் கறின்னா அப்படித்தான்க்கா" என்று கடைக்காரர் சொல்வார், அக்காவும் பையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். எனக்கு அந்தப் பதில் ஒப்பவே இல்லை. 14 வருஷமாகக் கிள்ளான் துறைமுகத்தில் குளிர் கன்டெய்னர்களுக்குப் பேப்பர் வேலை பார்க்கிறேன், என் மச்சான் அதே கன்டெய்னர்களை இழுக்கும் லோரி ஓட்டுகிறார், இரண்டு பேருக்கும் வீடு பந்திங்கில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒழுங்காக உறைந்து ஒழுங்காக வந்து சேர்ந்த கறி அந்த அளவுக்குத் தண்ணீர் விடாது. விட்டால், வழியில் எங்கேயோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடல் தாண்டி வரும்வரை கெடாத கறி, கப்பல் இறக்கும் துறைமுகம் இருக்கிற இண்டா தீவிலிருந்து நம் ஊருக்கு வரும் கடைசி 40 கிலோமீட்டரில் கெட்டுப்போகிறது.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி போர்ட் சுவெட்டன்ஹாமில் வந்து இறங்கியவர். கிள்ளான் துறைமுகத்துக்கு 1972 வரை அதுதான் பெயர். அவர் காலத்தில் தோட்டத்து லயத்தில் ஐஸ் பெட்டி கிடையாது, ஜெனரேட்டர் கரண்டும் சாயங்காலம் சில மணி நேரம்தான். ஆடு அடித்தால் அன்றைக்கே பங்கு போட்டு அன்றைக்கே குழம்பு வைத்தாக வேண்டும். மிஞ்சியதற்கு உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து, வெயிலில் காய வைத்தால் உப்புக்கண்டம். அதில் என்ன நடக்கிறது? கறிக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறோம், தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. உறைய வைப்பதும் இதே வேலைதான், வழி மட்டும் வேறு. தண்ணீரை உள்ளேயே ஐஸாகக் கட்டிப்போடுகிறோம். கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதில்லை, பெருக வழியில்லாமல் கிடக்கின்றன. கட்டு அவிழ்ந்தால் எழுந்துவிடும்.

அந்த ஐஸ் எப்படிக் கட்டுகிறது என்பதில்தான் ருசி இருக்கிறது. கறி மைனஸ் 1, மைனஸ் 2 டிகிரி அளவில் உறைய ஆரம்பிக்கும். அங்கிருந்து மைனஸ் 5 வரைக்கும் உள்ள சின்ன இடைவெளியை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறதோ அவ்வளவு பொடியாக ஐஸ் கட்டும். மெதுவாகக் கடந்தால் பெரிய ஊசி ஊசியாகக் கட்டி, தசையைக் கிழித்துவிடும். அதனால்தான் ஆலைகளில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக் காற்றைப் புயல் மாதிரி அடித்து உறைய வைக்கிறார்கள். சரி, பொடியாகக் கட்டிவிட்டது, இனிமேல் கவலை இல்லையா என்றால், அதுவும் இல்லை. குளிர் ஏறி இறங்கினால் சின்னத் துகள்கள் கரைந்து பெரிய துகள்களோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் சில நேரம் ஐஸ் துகளாக நறநறவென்று இருக்கும் இல்லையா, அது இப்படி ஒருமுறை இளகி மறுபடி உறைந்த ஐஸ்கிரீம்தான். கறியில் நறநறப்பு தெரியாது. சட்டியில் போட்ட பிறகு, கிழிந்த தசையிலிருந்து சாறெல்லாம் வெளியே வரும்போதுதான் தெரியும்.

உறைந்த உணவுக்கு உலகம் முழுக்க மைனஸ் 18 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவு விதிகளிலும் அதுதான். ஃபாரன்ஹீட் கணக்கில் பார்த்தால் அது ஏறக்குறைய 0 டிகிரி. இந்த எண்ணைக் கப்பலில் காப்பாற்ற முடியும் என்று மனிதன் நம்ப ஆரம்பித்து 150 வருஷம்கூட ஆகவில்லை. 1882 பிப்ரவரி 15-ல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து டனீடின் என்ற பாய்மரக் கப்பல் ஏறக்குறைய 5,000 உரித்த ஆடுகளோடு லண்டனுக்குக் கிளம்பியது. ஓடுவதற்குப் பாய், குளிருக்கு மட்டும் நிலக்கரியில் ஓடும் மெஷின். அந்த மெஷினின் புகைபோக்கியிலிருந்து பறக்கும் தீப்பொறி பாயில் பட்டுவிடுமோ என்று பயந்துகொண்டே போனார்கள். வெப்ப மண்டலத்துக்கு வந்ததும், கீழ்த்தளத்தில் குளிர்ந்த காற்று எல்லா மூலைக்கும் போகவில்லை என்று தெரிந்தது. கேப்டன் விட்சன் தானே காற்றுக் குழாய்க்குள் தவழ்ந்து போய்க் கூடுதல் துளைகள் போட்டார். குளிரில் விறைத்து அசைய முடியாமல் போனவரைக் காலில் கயிறு கட்டி வெளியே இழுத்துக் காப்பாற்றினார்கள். 98 நாள் கழித்து, மே 24-ல் லண்டன் போய்ச் சேர்ந்தபோது கெட்டிருந்தது ஒரே ஒரு ஆடுதான்.

இந்தக் கதையை நான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வேன். விட்சனை வதைத்தது மெஷின் பழுது இல்லை, காற்று போக வழியில்லாததுதான். இன்றைக்கும் குளிர் கன்டெய்னரில் முக்கால்வாசிப் பிரச்சினை அதுதான்.

குளிர் கன்டெய்னர் சரக்கைக் குளிராக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், இறக்குமதி செய்கிறவர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். அது குளிராக்காது. ஏற்றும்போது என்ன குளிரில் இருந்ததோ அதைக் கைவிடாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதன் மெஷின் அந்த அளவு வேலைக்குச் செய்யப்பட்டது. ஒரு 40 அடிப் பெட்டியில் 25 டன்னுக்கு மேல் கறி ஏற்றலாம். மைனஸ் 8-ல் இருக்கும் கறியை அப்படி ஏற்றிவிட்டு 'மைனஸ் 18 வை' என்று சொன்னால், காற்று மைனஸ் 18 ஆகும், ஓரத்துப் பெட்டிகள் மெதுவாக இறங்கும், நடுவில் இருப்பது பல நாள் அப்படியே கிடக்கும். திரையில் மட்டும் மைனஸ் 18 என்று பச்சைப் பசேலென்று தெரியும்.

உள்ளே நின்று பார்த்தால் அமைப்பு புரியும். தரை சமதளமாக இருக்காது, கதவிலிருந்து கடைசி வரை நீளவாக்கில் அலுமினியத் தண்டவாளம் மாதிரி வரிகள் ஓடும். மெஷின் இருக்கும் முனையில் கீழிருந்து குளிர்காற்று புறப்பட்டு, அந்த வரிகளுக்கு நடுவே கதவு வரை போய், மேலே ஏறி, கூரையை ஒட்டி மெஷினுக்கே திரும்பி வரும். சுவரில் மேலே ஒரு சிவப்புக் கோடு இருக்கும், அதற்கு மேல் ஒரு பெட்டிகூட அடுக்கக் கூடாது. இன்னும் 10 பெட்டி இடம் இருக்கிறதே என்று அந்தக் கோட்டைத் தாண்டி அடைத்துவிட்டால் காற்று திரும்பி வரும் வழி அடைபடும். கதவு ஓரம் சூடாகும். உறைந்த சரக்கைச் செங்கல் சுவர் மாதிரி நெருக்கி அடுக்க வேண்டும், காற்று அதைச் சுற்றிப் போனால் போதும். பழம் காய்கறிக்கு அப்படி இல்லை, துளை போட்ட அட்டைப்பெட்டிகளைத் துளையோடு துளை பொருந்தும்படி அடுக்க வேண்டும், காற்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் புகுந்து மேலே வர வேண்டும். ஏன் என்றால் பழம் உயிரோடு இருக்கிறது.

இதைச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. பறித்த பிறகும் வாழைப்பழம், மாங்காய், ஆப்பிள் எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவை விட்டு, கூடவே சூட்டையும் வெளியே தள்ளுகின்றன. உறைந்த கறி சூடு தராது, வாழை தரும். பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவையும் விடும், ஒன்று பழுத்தால் பக்கத்தில் உள்ளதும் பழுக்கும். பாட்டி வாழைத்தாரை மூடி வைத்துப் பழுக்க வைத்தது இந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கத்தான். கப்பலில் அதற்கு நேர்மாறாகச் செய்கிறார்கள். வாழைக்கு 13, 14 டிகிரி. அதற்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும், அப்புறம் ஒழுங்காகப் பழுக்கவே பழுக்காது. வீட்டில் பிசாங் பெராங்கானை ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் கறுத்துப்போய் எடுத்தவர்கள் எல்லோரும் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிளுக்கோ 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால்தான் நல்லது. ஒரே கன்டெய்னரில் இரண்டையும் போடலாமா என்று கேட்கிற வாடிக்கையாளர் வருஷத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். கூடாது. சில கன்டெய்னர்களில் ஆக்சிஜனைக் குறைத்து, கரியமில வாயுவைக் கூட்டி, பழத்தின் மூச்சையே மெதுவாக்கும் வசதி உண்டு, தூரத்துப் பயணத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

வெங்காயம் இன்னொரு தினுசு. மும்பைக்குப் பக்கத்தில் உள்ள நவா சேவா துறைமுகத்திலிருந்து கிள்ளானுக்கு வரும் பெரிய வெங்காயத்துக்குக் குளிரைவிடக் காற்றோட்டம்தான் உயிர். மூடிய இரும்புப் பெட்டியில் பகல் வெயிலில் ஈரம் ஆவியாகி, ராத்திரி கூரையில் துளித்துளியாகக் கோத்து, மூட்டை மேலேயே சொட்டும். அந்தச் சொட்டு பட்ட வெங்காயத்தின் தோலில் கரி தடவினது மாதிரி கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அல்லது முளைத்துவிடும். பசாரில் மூட்டையின் மேல் பகுதி மட்டும் கறுத்திருந்தால் அது வயலில் வந்த நோய் இல்லை, கடலில் பெய்த மழை. (விலை ஏறுவது வேறு கதை. 2023 டிசம்பரில் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தி 2024 மே மாதம்தான் திறந்துவிட்டது, அந்த மாதங்களில் வெங்காய விலைக்குக் கப்பலைக் குறை சொல்லிப் பயனில்லை.)

நம் நாட்டிலிருந்து போகும் சரக்கில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். தாய்லாந்துக்காரர்கள் டுரியானை முழுசாகப் பழுக்கும் முன்பே மரத்திலிருந்து வெட்டி எடுக்கிறார்கள், அது போகிற வழியில் பழுத்துக்கொள்ளும், அதனால் லோரியிலும் கப்பலிலும் சீனாவுக்கு அனுப்ப முடிகிறது. நம் முசாங் கிங் ரக டுரியான் தானாகப் பழுத்து விழுந்தால்தான் முசாங் கிங். விழுந்த நிமிஷத்திலிருந்து அதற்கு மிஞ்சியிருப்பது சில நாள்தான். அதனால் ரொம்ப காலம் சீனாவுக்குச் சுளையை மட்டும் உறைய வைத்து அனுப்பினார்கள், 2019-லிருந்து முழுப் பழத்தையும் உறைய வைத்து அனுப்ப வழி கிடைத்தது, 2024-ல் ஃப்ரெஷ் பழத்துக்கும் அனுமதி வந்தபோது அது விமானம் ஏறித்தான் போனது. ஒரு பழத்தை எப்படிப் பறிக்கிறோம் என்பதே அது கப்பலில் போகுமா பறக்குமா என்பதை முடிவு செய்துவிடுகிறது. உறைய வைத்த ரொட்டி சானாய்க்கு இந்தத் தொல்லையே இல்லை, இண்டா தீவு ஆலையிலேயே கல் மாதிரி உறைந்து, பத்து நிமிஷத் தூரத்தில் கப்பல் ஏறிவிடுகிறது.

ஆட்டுக்கறிக்குத் திரும்புவோம். நாம் சாப்பிடும் இறக்குமதி ஆட்டில் பெரும்பங்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆடு. கடையில் 'ஃப்ரெஷ்' என்று விற்பதில் ஒரு பகுதியும் அங்கிருந்து வந்ததுதான், உறைய வைக்காமல், காற்றை உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக் உறையில் மைனஸ் 1 டிகிரி அளவில், உறையும் எல்லையைத் தொட்டும் தொடாமலும் வைத்துக் கொண்டு வருகிறார்கள். நன்றாகச் செய்தால் அது இரண்டு மாதத்துக்கு மேல் தாங்கும். அரை டிகிரி முன்னே பின்னே போனாலும் நாள் கணக்கு குறைந்துகொண்டே வரும். அதனால் அதற்கு எல்லோரும் பயந்து நடக்கிறார்கள். உறைந்த கறிக்குத்தான் யாரும் பயப்படுவதில்லை, கல் மாதிரி இருக்கிறதே என்ற தைரியம்.

கறி உள்ளே வருவதற்கு வேண்டிய பேப்பரும் கொஞ்சநஞ்சம் இல்லை. இறக்குமதி பெர்மிட், ஏற்றுமதி நாட்டுக் கால்நடைத் துறையின் சுகாதாரச் சான்று, ஜாக்கிம் (மலேசிய இஸ்லாமிய மேம்பாட்டுத் துறை) ஏற்றுக்கொண்ட அமைப்பின் ஹலால் சான்று. இந்தியாவிலிருந்து வரும் எருமைக்கறி எலும்பில்லாமல்தான் வரும், அது வாங்குகிறவர் வசதிக்காக என்று நான்கூட முதலில் நினைத்தேன். காரணம் கோமாரி நோய். அறுத்த பிறகு 24 மணி நேரம் 2 டிகிரிக்கு மேல் தொங்கவிட்டால் தசையில் தானாகவே அமிலம் ஏறும், அந்த அமிலத்தில் வைரஸ் அழிந்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டியிலும் அமிலம் ஏறாது. அதனால் அவற்றை எடுத்துவிடுகிறார்கள்.

பேப்பரில் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் ஒரு சின்னக் கோடு. மைனஸ் அடையாளம். 'மைனஸ் 18' என்று எழுத வேண்டிய இடத்தில் அந்தக் கோடு விடுபட்டால் அது '18'. மெஷினுக்கு எது கறி எது சாக்லேட் என்று தெரியாது, 18 என்றால் 18-ல் வைத்துக் காட்டும். அதனால் என் மேசையில் நான் எண்ணை எழுதி, பக்கத்தில் எழுத்தாலும் எழுதுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

கடலில் போகும்போது இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று சொன்னேன். கப்பலில் ஒவ்வொன்றுக்கும் 440 வோல்ட் பிளக் உண்டு, ஆள் சுற்றி வந்து பார்க்கிறான், அலாரம் அடித்தால் ஓடி வருகிறான். நாள் கூடினாலும் பிளக் இருக்கும்வரை உறைந்த சரக்குக்கு ஒன்றும் ஆகாது. 2021 மார்ச்சில் நம் தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தைத் தொட்டுவிட்டுப் போன எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் 6 நாள் சிக்கியபோதும், 2023 கடைசியிலிருந்து செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகும் கப்பல்கள் பத்து நாளுக்கு மேல் கூடுதலாக எடுத்தபோதும், அடி வாங்கியது ஃப்ரெஷ் பழமும் வாடகையும்தான். ஆனால் பிளக் இல்லாமல் போனால் எல்லாம் தலைகீழ். 2020 பிப்ரவரியில் கோவிட் வந்து சீனாவில் லோரி ஓட்ட ஆள் இல்லாமல், ஷாங்காயிலும் தியென்ஜினிலும் இறக்கிய குளிர் கன்டெய்னர்களை யாரும் எடுத்துப் போகவில்லை. யார்டில் இடம் இருந்தது, பிளக் இல்லை. அடுத்து வந்த குளிர் கன்டெய்னர்களை வேறு துறைமுகங்களில் இறக்க வேண்டியதாயிற்று. ஒரு துறைமுகத்தில் எத்தனை குளிர் கன்டெய்னர் நிற்க முடியும் என்பதை முடிவு செய்வது அங்கே சுவரில் எத்தனை துளை இருக்கிறது என்பதுதான்.

கிள்ளான் யார்டில் அந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெளியே வெயில் 33 டிகிரி, ஒவ்வொரு மெஷினும் உள்ளிருக்கும் சூட்டை எடுத்து நம் முகத்தில் ஊதும், பக்கத்தில் நிற்பவர் பேசினால் கேட்காது. அந்த வெக்கையில் மெக்கானிக் ஒவ்வொரு திரையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். ஆபத்தில்லாத வேலையும் இல்லை. 2011-ல், வியட்நாமில் பழுது பார்த்தபோது போலிக் குளிர்வாயு நிரப்பப்பட்ட சில மெஷின்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். கிலோவுக்கு இரண்டு வெள்ளி குறைகிறதா என்று பார்க்கும்போது இந்த ஆட்களும் நினைவுக்கு வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, இங்கேயிருந்து துறைமுகக் கேட்டைத் தாண்டிய பிறகு என்ன நடக்கிறது? ஒரு தீபாவளிக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன், யார் பெயரும் வேண்டாம். உறைந்த ஆட்டுக்கறி, 40 அடிப் பெட்டி. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எல்லாப் பேப்பரும் முடிந்தது. அதற்கு மேல் யார்டில் வைத்தால் நாள் வாடகையும் கரண்ட் காசும் ஏறும், அதனால் அன்றைக்கே எடுக்கச் சொன்னார்கள். லோரியில் ஜென்செட் (வழியில் மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டர்) மாட்டினால் தனிக் காசு. ஒரு மணி நேரம்தானே, கதவு மூடியிருக்கிறது, தாங்கும் என்று மாட்டாமல் அனுப்பினார்கள். உண்மையில் ஒரு மணி நேரம் தாங்கும், நுரை அடைத்த கனத்த சுவர், நிறைந்த சரக்கு, நாலைந்து மணி நேரம்கூடத் தாங்கும். ஆனால் இண்டா தீவு ரோட்டில் ஜாம். தெலுக் பங்லிமா காராங் தாண்டிச் சேரும்போது இருட்டிவிட்டது. கிடங்கின் குளிர் அறையில் முந்தைய லோட் இன்னும் காலியாகவில்லை. கன்டெய்னரை வாசலில் விட்டுவிட்டு லோரித் தலையைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். மச்சான் கேட்டிருக்கிறார், "அண்ணே, பிளக் எங்கே?" கிடங்கில் அந்த வோல்டேஜுக்குப் பிளக்கே இல்லை. காலை ஆறரைக்குக் கதவைத் திறந்து, நாலு பேர் கையாலேயே இறக்கி முடித்தபோது மணி பதினொன்று. கதவு முழு நேரமும் திறந்தே கிடந்தது. கடைசியில் இறக்கிய அட்டைப்பெட்டிகள் வியர்த்திருந்தன என்று மச்சான் சொன்னார், தூக்கினால் அடி அட்டை கையோடு வந்ததாம். அதை அப்படியே குளிர் அறையில் அடுக்கி, திங்கட்கிழமைக்குள் மறுபடி கல்லாக்கிவிட்டார்கள்.

அடுத்த வாரம் புகார் வந்தது, கப்பலில் கெட்டுவிட்டது என்று. ஒவ்வொரு குளிர் கன்டெய்னரும் தன் குளிரை மணிக்கு மணி பதிவு செய்து வைத்திருக்கும், அதை இறக்கி அச்சடித்துப் பார்த்தேன். மைனஸ் 18-ஐ ஒட்டி ஒரே நேர்க்கோடு. நடுநடுவே சின்னச் சின்ன மேடு, அது மெஷின் தன் மேல் படிந்த பனியை உருக்கிக்கொள்ளும் நேரம். கப்பலிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் ஏறி, யார்டில் பிளக் போட்டதும் மறுபடி இறங்கியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் கோடே இல்லை, வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைத் தாளில்தான் அத்தனையும் நடந்திருக்கிறது, அதை நிரூபிக்க யாரிடமும் ஒரு எண் கிடையாது. கப்பல் கம்பெனியின் பொறுப்பு துறைமுகக் கேட்டோடு முடிந்தது, இன்சூரன்ஸுக்குச் சாட்சி வேண்டும், கிடங்கு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டது. மிஞ்சியது கடைக்காரரும், குழம்பில் தண்ணீர் ஏன் என்று கேட்ட அக்காவும்.

இப்போது மைனஸ் 18 தேவையில்லை, மைனஸ் 15 போதும், கரண்ட் மிச்சம், புகை குறையும் என்று ஒரு முயற்சி நடக்கிறது. 2023 துபாய் பருவநிலை மாநாட்டின்போது ஆரம்பித்தது. காரணங்கள் நியாயமானவை, கப்பலிலும் பெரிய குளிர்க் கிடங்கிலும் அது சரியாகவே வரும். எனக்குப் பயமெல்லாம் நம் மாதிரி ஊர்களை நினைத்துத்தான். அந்த 3 டிகிரிதான் ஜாமிலும், பிளக் இல்லாத வாசலிலும் நம்மைத் தாங்கிக்கொண்டு வந்தது. அதை எடுப்பதற்கு முன்னால் லோரிக்கு ஜென்செட்டும் கிடங்குக்குப் பிளக்கும் கட்டாயமாக வேண்டும். ஒரு பெட்டிக் கறியின் விலைக்கு முன்னால் ஒரு ராத்திரி ஜென்செட் வாடகை ஒன்றுமே இல்லை.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. பாக்கெட்டுக்குள் பொடிப்பனி கொட்டிக் கிடந்தால், அடியில் ரத்தச்சாறு தகடாக உறைந்திருந்தால், துண்டுகள் தனித்தனியாக இல்லாமல் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால், அது இளகி உறைந்தது. ஓரம் வெளுத்துப் பஞ்சு மாதிரி இருந்தால் ஈரம் போய்விட்டது, ஆபத்தில்லை, ருசி இருக்காது.

எங்கள் தாமான் முனையில் இருக்கும் கடை முதலாளியிடம் இதையெல்லாம் ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு ஊசி வெப்பமானி வாங்கி வைத்துக்கொண்டார். விடியற்காலை ஐந்து மணிக்கு ஐஸ் லோரி வரும்போது, இரண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அதைச் செருகிவிட்டு, எண் நிற்கும்வரை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஒருநாள் நானும் நின்றேன். முதல் அடுக்கு மைனஸ் 16. கையெழுத்துப் போட்டார். கதவை ஒட்டி இருந்த அடுக்கு மைனஸ் 7. டிரைவர் தம்பி ஒரு பெட்டியை எடுத்துத் தரையில் தட்டிக் காட்டினான், டொக்கென்று சத்தம் வந்தது. "கல்லு மாதிரிதானே இருக்குண்ணே." மைனஸ் 7-லும் கல் மாதிரிதான் இருக்கும் தம்பி என்று முதலாளி பொறுமையாகச் சொன்னார். அந்த 12 பெட்டிகளும் லோரியிலேயே ஏறின. இது இப்போ எங்கே போகும் என்று கேட்டேன். இன்னும் மூன்று கடை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினான்.